அழகு எழுத்துக்கும் ஓர் இடம் உண்டு!



மின்னியல் பிரிவில் படிக்கிறவனுக்கு எழுத்துருவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மோட்டாருக்கு வைண்டிங் கட்டுவது பற்றி எழுதியிருந்தால் “சரி, நம்ம டிபார்ட்மெண்ட் பையன்” என்று தட்டிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் கல்லூரி விட்டதும் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை நான் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்ப்பது என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். பீஸ் கட்டவும் பஸ்ஸுக்கும் அதுதான் வழி. விசிட்டிங் கார்டு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்யாணப் பத்திரிகை... எல்லாம் இந்தக் கை அடித்தவைதான். ஆகவே இந்தக் கட்டுரை பாதி படிப்பில் வந்தது. பாதி பிழைப்பில் வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கல்யாணமும் என் டிசைனும்

சென்ற தை மாதம் என் அக்காவுக்குத் திருமணம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. தமிழ்ப் பத்திரிகை ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அவருடைய கம்பெனி நண்பர்களுக்காக நூறு பத்திரிகை மட்டும் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். “வூட்லயே டிசைன் பண்ற பையன் இருக்கறப்ப வெளிய எதுக்கு?” என்று அம்மா நாலு பேர் முன்னால் சொன்னார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு ஸாப்ஃபினோ. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பேனாவால் ஒருவர் நிதானமாக எழுதியதுபோல எழுத்துகள் லேசாகச் சாய்ந்து நிற்கும். ஓரிடத்தில் கோடு தடிக்கும். அடுத்த நொடியே தலைமுடிபோல் மெலியும். சின்ன ‘டி’யின் கொம்பு மேலே வளைந்து பறக்கும். ‘எஃப்’பின் வால் கீழே இறங்கி ஊஞ்சல் ஆடும். அதில் அக்காவின் பெயரை முதன்முதலாக அடித்துத் திரையில் பார்த்தபோது, பொய் சொல்லவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரேஷன் கார்டிலும் மார்க் ஷீட்டிலும் மட்டுமே பார்த்த பெயர் அது. ராஜகுமாரி பெயர்போல நின்றது!

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பெயரே இவ்வளவு அழகென்றால் எல்லாவற்றையும் இதிலேயே போட்டால் எப்படி இருக்கும் என்று புத்தி போயிற்று. தேதி, முகூர்த்த நேரம், மண்டபம், வழி, போன் நம்பர் எல்லாமே ஸாப்ஃபினோ! பெற்றோர் பெயர்கள் கம்பீரமாக இருக்கட்டும் என்று அவற்றை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், அதாவது கேப்பிட்டலில், அடித்தேன். ஒன்றின் வால் இன்னொன்றின் கழுத்தைச் சுற்றியது. அதையும் டிசைன் என்றே நினைத்துக்கொண்டேன்.

அச்சாகி வந்த முதல் பத்திரிகையை அப்பா கையில் கொடுத்தேன்.

என் அப்பா லாரி புக்கிங் ஆபீசில் சுமை தூக்குகிறவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். தமிழ்ப் பத்திரிகையை அப்படித்தான் ஒரு வரி விடாமல் படித்து முடித்திருந்தார். ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எழுத்து இருபத்தாறும் அவருக்குத் தெரியும். எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. துணி பேல்களின் மேல் தகர ஸ்டென்சில் வைத்துக் கறுப்பு மையில் அடித்திருக்கும் ஊர்க் குறிகளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். ‘சி.பி.ஈ.’ என்றால் கோவை; ‘எம்.டி.யூ.’ என்றால் மதுரை. இத்தனை வருடத்தில் ஒரு பேல்கூட அவர் கையில் ஊர் மாறிப் போனதில்லை என்று மேஸ்திரி சொல்வார். சங்க அட்டையில் இருக்கும் தன் பெயரையும் அவர் ஆங்கிலத்தில் அடையாளம் காண்பார். ‘எம்’மில் ஆரம்பிக்கும் என்று விரல் வைத்துக் காட்டுவார்.

பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“இதுல எம்பேரு எங்க கண்ணு இருக்குது?”

“இங்கதானுங்கப்பா” என்று காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “ஓ... இதுவா? நான் பூவேலைன்னு நெனச்சுட்டேன். நல்லாத்தான் இருக்குது சாமி” என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா தானாக எட்டிப் பிடித்து வைத்திருந்த இருபத்தாறு எழுத்தையும் அவருக்கே எட்டாமல் செய்தது என் படிப்பு!

அவருக்குப் படிப்பில்லாததால் வந்த கோளாறு என்று யாரும் நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலைந்து பேர் “மண்டபத்தின் பெயர் என்ன?” என்று போன் போட்டுக் கேட்டார்கள். அவர்கள் அத்தனை பேரும் என்ஜினீயர்கள்.

ஓம் விதியும் ஒருவர் தலைவிதியும்

அந்த வாரம் முழுக்க எனக்கு ஸாப்ஃபினோ மேல் ஒரே ஆத்திரம். இதை எவன் செய்தான் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம் போய் மரியாதை வந்துவிட்டது.

செய்தவர் பெயர் ஹெர்மன் ஸாப்ஃப். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் 1918-இல் பிறந்தவர். அவருக்கு எழுத்து வரையும் ஆசையே கிடையாது. என்ன ஆசை தெரியுமா? மின் பொறியாளர் ஆக வேண்டும்! அந்த ஊரில் ஓம் பெயரால் ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருந்தது. நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்த ஓம் விதிக்குச் சொந்தக்காரர்தான் அந்த ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகன். 1833-இல் நியூரம்பெர்க் பாலிடெக்னிக்கில் ஆசிரியராகச் சேர்ந்தவர். அந்த ஓம் பெயர் தாங்கிய கூடத்தில்தான் இந்தப் பையன் படிக்க ஆசைப்பட்டான்.

இடம் கிடைக்கவில்லை. 1933-இல் அவன் பள்ளிப் படிப்பை முடித்தபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தான். பையனின் தந்தை தொழிற்சங்கத்தில் இருந்தவர். வேலை போயிற்று. டாக்காவ் வதை முகாமில் கொஞ்ச காலம் அடைத்தும் வைத்தார்கள். சங்கக்காரன் மகனுக்குக் கல்லூரிக் கதவு திறக்கவில்லை. ஆசிரியர்கள் அவன் படம் வரைவதைப் பார்த்து, அச்சுத் தொழிலில் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். போன இடத்திலெல்லாம் வேலையைப் புகழ்ந்தார்கள், அரசியலைக் கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். பத்து மாதம் இப்படியே அலைச்சல். கடைசியில் டெலிபோன் டைரக்டரியில் கடைசியாக இருந்த கம்பெனி அரசியல் கேட்காமல் எடுத்துக்கொண்டது. வேலை, அச்சுக்குப் போகும் படங்களைத் திருத்துவது. நாலு வருடப் பயிற்சி, 1934-இல் ஆரம்பம்.

அடுத்த ஆண்டு ருடால்ஃப் கோக் என்ற எழுத்துக் கலைஞரின் நினைவுக் கண்காட்சிக்குப் போனான். இரண்டு புத்தகங்கள் வாங்கினான். அவற்றை வைத்துக்கொண்டு, பட்டை முனைப் பேனாவால், குரு இல்லாமல் தானே எழுதிப் பழகினான். அப்போது அவனுக்கு நம் வயதுதான், நண்பர்களே!

ஈயத்தில் அடங்காத வால்

போரில் அவரை வரைபடம் வரையும் பிரிவில் போட்டார்கள். 1944-இல், அப்படிப் பட்டாளத்தில் இருந்தபோது, தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் அழகாக எழுதி வைத்தார். அந்த ஒரு பக்கம்தான் ஸாப்ஃபினோவின் விதை. ஆனால் அது முளைக்க 54 ஆண்டுகள் ஆயின. ஏன்?

தொழில்நுட்பம் இடம் தரவில்லை. அந்தக் காலத்து ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செங்கல்போல. செங்கல்லுக்குள் எழுத்து அடங்க வேண்டும். வால் பக்கத்து வீட்டுக்குள் நீண்டால் அச்சில் ஒடிந்துவிடும். 1948-இல் ஸ்டெம்பல் என்ற வார்ப்படக் கம்பெனிக்காக இப்படி ஓர் எழுத்தைச் செய்து பார்த்தார். நினைத்த சுதந்திரம் கிடைக்கவில்லை. கணினி வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1993-இல் டேவிட் சீகல் என்ற அமெரிக்க இளைஞரோடு சேர்ந்து மறுபடி ஆரம்பித்தார். வேலை முடியப் போகும் நேரத்தில், காதலி பிரிந்துபோன துக்கத்தில் அந்த இளைஞர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்! (நம் ஹாஸ்டல் நண்பர்கள் யாரும் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) ஸாப்ஃப் விடவில்லை. லைனோடைப் கம்பெனியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, 1998-இல் வெளியிட வைத்தார். அப்போது அவர் எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இதில் நுட்பம் என்னவென்றால், மனிதன் கையால் எழுதும்போது ஒரே எழுத்து இரண்டு தடவை ஒரே மாதிரி விழாது. அதனால் நாலு வரிசை எழுத்துகளும் தனியாகச் சுழிகளும் அலங்காரங்களும் செய்து வைத்தார். எந்த இடத்தில் எந்த ‘டி’ பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துக் கோர்க்க வேண்டும். பின்னால் வந்த வடிவங்களில் கணினியே சிலவற்றை மாற்றிக் கொடுக்கும். ஆப்பிள் கணினியில் ஸாப்ஃபினோ என்று அதன் பெயரையே ஆங்கிலத்தில் அடித்தால் ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே கொடியாக மாறிவிடும்.

54 ஆண்டுகள் ஒருவர் காத்திருந்து செய்ததை நான் இரண்டு விநாடியில் க்ளிக் செய்து, பத்திரிகை முழுக்கக் கொட்டினேன். குற்றம் எழுத்துருவுடையதா, என்னுடையதா? நீங்களே சொல்லுங்கள்.

அதே கை, இன்னொரு எழுத்து

இதே மனிதர் ஆப்டிமா என்று இன்னோர் எழுத்தும் செய்திருக்கிறார். 1950-இல் இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் கல்லெழுத்துகளைப் பார்த்தார். கையில் பேப்பர் இல்லை. ஆயிரம் லிரா நோட்டின் மேலேயே வரைந்துகொண்டார்! 1958-இல் அது எழுத்துருவாக வந்தது. அதில் வாலும் இல்லை, சுழியும் இல்லை. கோடுகள் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்து நிற்கும், அவ்வளவுதான் அலங்காரம்.

வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கு ஒரு கறுப்புக் கல் சுவர் 1982-இல் எழுப்பப்பட்டது. அதன் வடிவத்தைக் கொடுத்தபோது மாயா லின் 21 வயதுக் கல்லூரி மாணவி. சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். எல்லாம் ஆப்டிமாவில், கேப்பிட்டல் எழுத்தில், சுமார் அரை அங்குல உயரத்தில். வருகிறவர்கள் தங்கள் பிள்ளை பெயரை, அண்ணன் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள்.

அங்கே ஸாப்ஃபினோ போன்ற எழுத்து இருந்திருந்தால்? எந்தத் தாயும் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றிருப்பாள், என் அப்பா நின்ற மாதிரி.

என் கருத்து

ஸாப்ஃபினோ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. “நமக்கெல்லாம் எதுக்கப்பா இந்த ஜோடனை, படிக்க முடிஞ்சா போதாதா?” என்று கேட்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூட்டை தூக்குகிறவர் மகளின் பெயர் கொடிபோல் படரக் கூடாதா? அழகு என்ன பணக்காரர் வீட்டுச் சொத்தா? “கஸ்டமர் டிசைனைத்தான் கேக்கறாங்க, படிக்கறது அப்புறம்” என்கிற கடைக்காரர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. படிக்க முடியாத பத்திரிகை யாரை அழைக்கும்?

ஓர் அச்சுத் தாளில் இரண்டு விதமான சொற்கள் இருக்கின்றன. ஒன்று பார்த்து மகிழ வேண்டிய சொல். இன்னொன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சொல். மணமக்கள் பெயர், ஒரு வாழ்த்து, சான்றிதழின் தலைப்பு, புத்தக அட்டையில் ஒரு வார்த்தை... இவை முதல் வகை. ஊர், நாள், நேரம், நம்பர், பெற்றோர் பெயர் இவையெல்லாம் இரண்டாம் வகை. முதல் வகைக்கு ஸாப்ஃபினோ. இரண்டாம் வகைக்குச் சாதாரண எழுத்து. அவ்வளவுதான் என் கட்சி!

டி.டி.பி. வேலைக்குப் போகும் நண்பர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம்:

1. இந்த எழுத்தில் நாலைந்து வார்த்தைக்கு மேல் அடிக்காதீர்கள். மேலும் கீழும் தாராளமாக இடம் விடுங்கள். வால் ஆட இடம் வேண்டும்.

2. கேப்பிட்டலிலேயே முழுச் சொல்லையும் அடிக்காதீர்கள். இதன் பெரிய எழுத்து, சொல்லுக்கு முன்னால் நடப்பதற்காகச் செய்தது. ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு நாதஸ்வரம் போனால் அழகு. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு நாதஸ்வரம் ஊதினால்?

3. ரொம்பச் சின்னதாக்கி ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். மெல்லிய கோடெல்லாம் அறுந்துபோகும். அல்லது மை அடைத்துக்கொள்ளும்.

4. மெஷினுக்குப் போவதற்கு முன், பிரிண்ட் அவுட் எடுத்து, கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே எழுத்தை மாற்றுங்கள்.

நாலாவதுதான் முக்கியம். நான் அதைச் செய்யாமல் விட்டேன். அதைத்தான் அப்பா எனக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் அனுப்பாமல் அறுபது பத்திரிகைகள் மீதி இருந்தன. மறுபடி அடிக்கக் காசு இல்லை. கடையில் வெட்டி மீந்த கார்டு துண்டுகளில், பெற்றோர் பெயர், மண்டபம், நேரம், வழி எல்லாவற்றையும் சாதாரணக் கேப்பிட்டல் எழுத்தில் அடித்து, ஒவ்வொரு பத்திரிகைக்குள்ளும் ஒன்று வைத்தேன். அப்பா வேலை முடிந்து வந்து கை கழுவிவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். ‘எம்’ மேல் விரல் வைத்தார். பிறகு அடுத்த எழுத்து, அடுத்த எழுத்து என்று கடைசிவரை போனார். “இதுதான் எம்பேரு” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. நாளை நம்மில் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் போர்டு எழுத வைப்பார். ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டி அடிப்பார். ஒருவர் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ‘அபாயம்’ என்று எழுதி ஒட்டுவார். அவற்றைப் படிக்கப் போகிறவர்கள் நம் அப்பா, அம்மாதான்.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா அழைப்பிதழ் நம் பெற்றோருக்கும் போகிறது. விழாவின் பெயரை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் போடுங்கள். நானே இலவசமாக வந்து டிசைன் செய்து தருகிறேன். ஆனால் நாளும் நேரமும் இடமும் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று பலகையில் ஒட்டும் அறிவிப்பில் கொடியும் வேண்டாம், பூவும் வேண்டாம்.

அடுத்த முறை எழுத்துருப் பட்டியலைத் திறந்து ஓர் அழகான பெயர்மேல் சுட்டியை வைக்கும்போது, இதைப் படிக்கப் போகிறவர் யார் என்று ஒரு நொடி நினையுங்கள். அந்த ஒரு நொடி போதும்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு